"குப்பை கோல்" என்ற சொல்லில் என்ன கோளாறு?

ஐஸ் ஹாக்கி பற்றி எழுதுபவர்களிடம் அடிக்கடி அடிபடும் ஒரு சொல் "கார்பேஜ் கோல்". தமிழில் சொன்னால் குப்பை கோல். கோலி தடுத்து, தெறித்து விழுந்த பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வில்லை) வலைக்கு முன்னால் நிற்கும் ஒருத்தர் தட்டி உள்ளே தள்ளினால் அது குப்பை கோல். தூரத்திலிருந்து சகவீரர் அடித்த ஷாட் இவர் மட்டையில் உரசித் திசைமாறி உள்ளே போனாலும் பல சமயம் இதே பெயர்தான். பாதி செல்லமாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: இதற்குத் துணிச்சல் வேண்டும், அடி வாங்கும் உடம்பு வேண்டும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும்; மற்றபடி இது திறமையில் சேர்த்தி இல்லை. அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். சுமார் 60 அடி தூரத்திலிருந்து மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஷாட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வலையை அடைய ஏறக்குறைய 0.45 விநாடி ஆகும். கண்ணால் பார்த்து உடம்பை அசைக்க மனிதனுக்குச் சுமார் 0.2 விநாடி போதும். ஆகவே ஒரு நல்ல கோலிக்கு இதைத் தடுக்க நேரம் இருக்கிறது. அதே பக் வலைக்கு 6 அடி முன்னால் ஒரு மட்டையில் உரசினால், மிச்சம் இருப்பது 0.05 விநாடிகூட இல்லை. அதற்குள் யாராலும் எதுவும் செய்ய முடியாது. வெறும் 5 பாகை திரும்பினாலே போதும், வலையை எட்டும்போது பக் அரை அடி தள்ளிப் போயிருக்கும். கோலியின் கைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற சந்துக்கு அரை அடி தாராளம்.

இப்போது உரசுபவரின் பக்கம் பாருங்கள். அவருக்கும் அரை விநாடிக்குள்தான் நேரம். முதுகில் ஒரு தடுப்பாட்டக்காரர் மட்டையால் முட்டிக்கொண்டிருப்பார். பக்கைத் தொடும் இடம் வலையின் மேல் கம்பியைவிட உயரமாக இருந்தால் கோல் செல்லாது. காலால் உதைத்து உள்ளே தள்ளினாலும் செல்லாது. கோலிக்கான நீலப் பகுதியில், அதாவது கிரீஸில், அவருக்கு இடைஞ்சல் செய்தாலும் செல்லாது. இத்தனை நிபந்தனைக்குள் மட்டையின் முகத்தைச் சரியான சாய்வில் வைப்பதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது? ஒரு தடவை அதிர்ஷ்டமாக இருக்கலாம். ஜோ பவெல்ஸ்கி பயிற்சிக்குப் பயிற்சி இதையே செய்துபார்த்து, என்எச்எல் லீகில் 476 கோல் போட்டுவிட்டு ஓய்வு பெற்றார். எல்லாமே உரசல் கோல் இல்லைதான். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் ரசிகர்களுக்கு ஞாபகம் வருவது அதுதான்.

ரீபவுண்டும் அப்படியே. தாழ்வாக, தூரத்துக் கால்பட்டையைக் குறிவைத்து அடித்தால் பக் எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும். அடிப்பவரே சில நேரம் கோலுக்காக இல்லாமல் தெறிப்புக்காகத்தான் அடிக்கிறார். ஃபில் எஸ்போசிட்டோ 1970-71 சீசனில் 550 ஷாட் அடித்து 76 கோல் போட்டார், பெரும்பாலும் வலைக்கு நேர் முன்னால் நின்றபடி. அந்தக் காலத்தில் பாஸ்டன் கார்களில் ஒரு ஸ்டிக்கர் பிரபலம். ஆங்கிலத்தில் "ரட்சிப்பது", "கோலைத் தடுப்பது" இரண்டுக்கும் ஒரே சொல். அதை வைத்து, இயேசு தடுத்தாலும் தெறித்ததை எடுத்து எஸ்போ கோல் போட்டுவிடுவார் என்று கிண்டல். ஊருக்கே தெரிந்திருக்கிறது, அவர் அங்கே சும்மா நிற்கவில்லை என்று.

அப்படியென்றால் திறமையைத் தேடித் திரியும் அணிகளுக்கு இது ஏன் கண்ணில் படவில்லை? டீனோ சிக்கரெல்லியை டிராஃப்டில் ஒருத்தரும் எடுக்கவில்லை. அவர் போட்டது 608 கோல். டிம் கெர்ரையும் யாரும் எடுக்கவில்லை. 1985-86இல் பவர் பிளேயில் மட்டும் 34 கோல் போட்டார், அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. தோமஸ் ஹோம்ஸ்ட்ரோம் 1994இல் 257ஆவது ஆள். பவெல்ஸ்கி 2003இல் 205ஆவது. பாட்ரிக் ஹோர்ன்குவிஸ்ட் 2005இல் 230ஆவது, அதாவது கடைசி ஆள். விதிவிலக்கும் உண்டு: பவர் பிளேயில் 274 கோல் போட்ட டேவ் ஆண்ட்ரேசக் 1982இல் முதல் சுற்றிலேயே போனவர். ஆனாலும் ஸ்கேட்டிங் வேகம், ஷாட் வேகம் என்று தனியாக அளக்கக்கூடியதை அளந்தால், கூட்டத்துக்குள் மட்டும் வெளிப்படும் திறமை தட்டுப்படாது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஹோம்ஸ்ட்ரோமைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்காக மட்டுமே 1,026 ஆட்டம், 243 கோல், நான்கு ஸ்டான்லி கோப்பை. அவரை மட்டம்தட்டுபவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது: பின்னால் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் மாதிரி ஒரு மேதை குறிபார்த்து அடித்துக்கொடுத்தால், முன்னால் யார் நின்றாலும் கோல் விழும். இதில் பாதி உண்மை. இது பிறரைச் சார்ந்த திறமை. தனியாக ஆட்டத்தைத் திருப்புகிற வேலை இல்லை. எஸ்போசிட்டோவையும் ஹோம்ஸ்ட்ரோமையும் ஒரே தட்டில் வைக்க நானும் வரமாட்டேன்.

ஆனால் சார்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. லிட்ஸ்ட்ரோமின் ஷாட்டை கோலி பார்க்க முடியாமல் போனதற்கு யார் காரணம்? ஹோம்ஸ்ட்ரோம் மறைத்து நின்று, பக்கைத் தொடாமலே விட்டால், அந்தக் கோலில் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. லீகின் ஆட்டப் பதிவில் ஷாட் உரசலா, மணிக்கட்டு ஷாட்டா என்று குறிக்கிறார்கள். யார் மறைத்தார் என்று குறிப்பதில்லை. ஆக அவருடைய சிறந்த வேலை எந்த எண்ணிலும் இல்லை. எண்ணில் இல்லாததைக் குப்பை என்று தள்ளிவிடுவது சுலபம்.

இன்னொரு சான்று விதிப்புத்தகம். கிரீஸில் யார் எவ்வளவு நிற்கலாம் என்பதை லீக் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறது. 1990களில் பக் வருவதற்கு முன்பே தாக்கும் அணியின் ஆள் கிரீஸுக்குள் இருந்தால் கோல் இல்லை என்று கறாரான விதி வைத்தார்கள். 1999 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம், மூன்றாவது கூடுதல் நேரம்: பிரெட் ஹல் தன் ஷாட்டின் ரீபவுண்டையே எடுத்துப் போட்ட கோலில் டல்லாஸ் கோப்பையை வென்றது. அவருடைய ஒரு கால் கிரீஸுக்குள் இருந்தது. பக் அவர் கட்டுப்பாட்டில் இருந்ததால் செல்லும் என்றது லீக்; பஃபலோ ரசிகர்கள் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த சீசனிலேயே அந்த விதியைக் கைவிட்டார்கள். 2008இல் ஷான் ஏவரி, மார்ட்டின் புரோடூருக்கு நேர் எதிரே திரும்பி நின்று மட்டையை ஆட்டி மறைக்க, மறுநாளே லீக் அதற்குத் தடை போட்டது. வெறும் அதிர்ஷ்டம் என்றால் அதைக் கட்டுப்படுத்த இவ்வளவு மெனக்கெடுவார்களா?

2017 இறுதிச்சுற்று, ஆறாவது ஆட்டம், நாஷ்வில். கோல் எதுவும் விழவில்லை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. பிட்ஸ்பர்க் அடித்த ஷாட் வலைக்கு வெளியே போய், பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து வலை தெரியவே தெரியாது. ஹோர்ன்குவிஸ்ட் அங்கிருந்தே பக்கை கோலி பெக்கா ரின்னேமேல் அடித்துத் தெறிக்கவிட்டு உள்ளே போட்டார். கடைசியில் ஆளில்லாத வலையில் இன்னொன்று விழ, 2-0, கோப்பை பிட்ஸ்பர்குக்கு. 2005இல் கடைசி ஆளாக அவரை எடுத்திருந்த அணி எது தெரியுமா? இதே நாஷ்வில்தான்.