வேன் புறப்பட்ட பிறகு

வெளிநாட்டுச் சபைகளிலிருந்து ஊழியப் பயணமாக வருகிறவர்கள் பத்துப் பதினைந்து நாள் தங்குகிறார்கள். பிள்ளைகள் இல்லத்தில் பாட்டு, விளையாட்டு, ஒரு வேளை பிரியாணி, புதுப் பை. கடைசி நாளில் இரு பக்கமும் கண்ணீர். அந்தக் கண்ணீரில் பொய்யில்லை. இந்தப் பயணங்களைச் சாடுகிறவர்கள் வந்தவரின் நோக்கத்தைச் சந்தேகிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். செய்த வேலையை எடைபோடுவதில்லை. நான் பார்க்க விரும்புவது, வேன் புறப்பட்ட பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை.

எடைபோடத் திருவண்ணாமலையில் பழைய படிக்கல் ஒன்று உண்டு. டேனிஷ் மிஷன் 1860களில் ஆற்காட்டுப் பகுதியில் கால் வைத்தது. அதன் உழைப்பிலிருந்து 1913இல் ஆற்காடு லுத்தரன் திருச்சபை பிறந்தது. டேனிஷ் மிஷன் பள்ளி இன்றும் அதே பெயரில் ஊருக்குள் நிற்கிறது. வெள்ளைக்காரர் போன பிறகும் நிற்கிறது என்பதுதான் முக்கியம். பக்கத்துத் திருக்கோவிலூரில் அதே மிஷனுக்காகப் பணியாற்றிய எஸ்தர் ஃபேரிங் 1917இல் சபர்மதிக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். அந்த உறவு மிஷனுக்குப் பிடிக்கவில்லை. 1919இல் மிஷனை விட்டார், இந்தியாவை விடவில்லை. அவருடன் சபர்மதி சென்ற ஆன் மரி பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்கென எழுப்பிய பள்ளிக்கு 1921இல் காந்தியே அடிக்கல் நாட்டினார். மிஷன் விடுதிகள் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்தன. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மிஷனரிகள் தமிழ் படித்தார்கள், இங்கேயே இருந்தார்கள். பிள்ளையின் தாய் வாசலில் வந்து நின்று சண்டை பிடிக்க முடிந்தது. பத்து நாள் விருந்தாளியிடம் எந்தத் தாய் போய்க் கேட்பாள்?

பயணம் போய் வந்தவர்கள் ஆயுளுக்கும் பணம் அனுப்புவார்கள் என்பது இந்தப் பயணங்களை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம். உண்மைதான், பணம் வருகிறது. அது எவ்வளவு உறுதியானது என்பதை 2017 மார்ச் காட்டியது. அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து இயங்கும் கம்பாஷன் இன்டர்நேஷனல், வெளிநாட்டு நன்கொடைக்கு உள்துறை அமைச்சகம் போட்ட கட்டுப்பாட்டால் இந்தியப் பணியை மூடியது. ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. அரசின் முடிவு சரியா என்று தனியாக வாதாடலாம். பிள்ளையின் மதியச் சாப்பாடு கொலராடோவிலிருந்து வரும் பணத்தையும் டெல்லியின் ஒரு கையெழுத்தையும் நம்பியிருந்தது என்பது அந்த ஏற்பாட்டின் குறைதான்.

இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. இல்லங்களில் இருக்கும் பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள். வறுமைதான் கொண்டுவந்து விட்டது. 2015இன் சிறார் நீதிச் சட்டம் குடும்பத்தை முதலிலும் இல்லத்தைக் கடைசி வழியாகவும் வைக்கிறது. பார்க்க வருகிறவர்களின் காசால் ஓடும் இல்லத்துக்குப் பிள்ளைகள் உள்ளேயே இருப்பதுதான் ஆதாயம். பிள்ளைகளை அங்கே தள்ளும் வறுமை எப்படிப்பட்டது என்பது அதே 2015 ஏப்ரலில் தெரிந்தது: சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலைக் குடும்பங்களைத் துரத்துவது கூலியில்லாமை. அதைப் புதுப் பை தொடவே தொடாது. மாறாக, அரசு 1982இல் விரிவாக்கிய சத்துணவும் 2022இல் வந்த காலை உணவும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காமலே பள்ளியில் சோறு போடுகின்றன.

உள்ளூர் மருத்துவரோடு சேர்ந்து, பின்கவனிப்பையும் அவர் பொறுப்பில் வைத்துவிட்டுப் போகும் அறுவைசிகிச்சைக் குழுக்களை நான் இதில் சேர்க்கவில்லை. தொழில் தெரிந்தவர் பத்து நாளிலும் ஒரு கண்ணைத் திறந்துவிட முடியும். மற்றபடி, பிள்ளைகள் இல்லங்களுக்கான ஊழியப் பயணம் வருகிறவரின் மனத்தை நிறைக்கும் அளவுக்குப் பிள்ளையின் வாழ்வை நிறைப்பதில்லை. சபைகள் அதை நிறுத்தலாம். விமானக் கட்டணத்தை, பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கும் ஒரு தாய்க்குக் கொடுக்கலாம். அவளோடு தமிழில் பேசத் தெரிந்த ஒருவருக்கு மாதச் சம்பளமாகவும் கொடுக்கலாம்.