உட்கார ஓர் இடம்

புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ காலையில் ஒட்டுக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். மேசையில் இருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் ஒரே லயத்து ஆட்கள். தோட்டங்கள் கைமாறின, லயங்கள் கலைந்தன. தம்பி ஒரு தாமானுக்கு, அண்ணன் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்கு. "அக்கா, தோசை ரெண்டு, தே ஓ ஒன்னு" என்று குரல் கொடுத்தபடி அவர்கள் மறுபடி கூடும் இடம் இதுதான்.

நம் தோட்டக் கதைகள் பெரும்பாலும் இந்த மேசைவரை வருவதில்லை. லயம், கோயில், கள்ளுக்கடை, அதோடு சரி. கள்ளுக்கடையையும் வெறும் குடிப் பிரச்சினையாகவே எழுதித் தீர்த்துவிட்டோம். 1941 கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வோடு, கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழி என்றார்கள். எங்கே கூடுவது, யார் முன்னால் எப்படி நிற்பது என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்பதுதான் இரண்டுக்கும் பொருள் என்று நான் வாசிக்கிறேன்.

அப்படி வாசித்தால் ஒட்டுக்கடை சின்ன விஷயமில்லை. ஒரு தே தாரேக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம். பழைய மண்டோர் வந்தாலும் யாரும் எழுந்து நிற்பதில்லை. அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு எந்த ஆபீசுக்குப் போக வேண்டும், கோயில் கணக்கு என்னாச்சு, எல்லாம் இங்கேதான் பேசப்படுகிறது. மேசைப் பேச்சின் பலம் ப. சிங்காரத்துக்குத் தெரிந்திருந்தது. 'புயலிலே ஒரு தோணி'யில் குடித்தபடியே தமிழ்ப் பெருமையைக் கிண்டலடிக்கும் அந்தப் பினாங்குப் பேச்சை எடுத்துவிட்டால் நாவலே மெலிந்துவிடும்.

ஆனால் மேசையைப் புகழ்ந்துவிட்டு எழுந்து போனால் விமர்சனம் பாதியில் நின்றுவிடும். தோசை ஊற்றும் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மற்ற பெண்கள் பொங்குஸ் வாங்கிக்கொண்டு நின்றபடியே போகிறார்கள். கள்ளுக்கடையிலிருந்து ஒட்டுக்கடைவரை உட்கார்ந்திருப்பது ஆண்தான். இதைச் சொல்லாமல் 'எல்லாருக்கும் பொதுவான இடம்' என்று எழுதினால் அது பொய்.

அத்தனை மேசைப் பேச்சையும் கேட்டிருப்பவள் அந்த அக்கா. கதை எழுத வருகிற தம்பி தங்கைகள், ஒருமுறையாவது அடுப்புப் பக்கம் நின்று எழுதிப் பாருங்கள்.