அவென்யூ ரோட்டு வழி

பெங்களூரில் நம் புத்தக வணிகத்தின் மரபுகளைப் பற்றிச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். எம்.ஜி. ரோட்டு வழி, சர்ச் ஸ்ட்ரீட் வழி, அவென்யூ ரோட்டு வழி என்று தெருவுக்கொரு தொழில்முறை இருப்பதை உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009-இல் பிரீமியர் புத்தகக் கடை மூடியபோது நமக்கெல்லாம் எப்படி இருந்தது என்பதும் தெரிந்ததுதான். நான் அவென்யூ ரோட்டில் தொழில் படித்தவன். என் முதலாளியைப் பற்றியே அதிகம் எழுதுவேன், மற்ற வழியினர் பொறுத்தருள வேண்டும்.

புதுப் புத்தகக் கட்டு வந்தால் முதலாளியே பிரிப்பார். ஒவ்வொரு பிரதியையும் பதினாறு பதினாறு பக்கமாக விரலால் தள்ளி, ஃபாரம் விட்டுப்போயிருக்கிறதா, தலைகீழாகத் தைத்திருக்கிறதா என்று பார்ப்பார். அதன்பிறகே புத்தகம் அலமாரிக்குப் போகும். நூலகத்துக்கும் மாணவருக்கும் பத்து சதவீதம் கழிவு; மற்றவர்க்கு அச்சிட்ட விலை. யார் வந்து பேரம் பேசினாலும் அதில் மாற்றம் கிடையாது.

அப்படி நடந்த தொழிலுக்குப் பிறகு இணையத்திலிருந்து போட்டி வந்தது. 2007-இல் நம் ஊர்க் கோரமங்கலாவில் தொடங்கிய ஃபிளிப்கார்ட் முதலில் விற்றதும் புத்தகம்தான். 2013-இல் அமேசானும் வந்தது. அன்றுமுதல் நம் சங்கத்தில் இரண்டு கட்சி. விலை குறைந்தது, சிற்றூர் வாசகனுக்கும் புத்தகம் போய்ச் சேர்ந்தது, இதில் அரசுக்கு என்ன வேலை என்பது ஒரு கட்சி. 1959-இல் சுதந்திராக் கட்சி கண்ட ராஜாஜியின் வழி அது. பர்மிட், கோட்டா என்று அலைந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் அப்படிப் பேசுவதில் நியாயம் உண்டு.

சட்டம் வேண்டும் என்பது மறுகட்சி. 2018 டிசம்பரில் வெளியான மத்திய அரசின் பிரஸ் நோட் 2 அடுத்த பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அந்நிய முதலீட்டில் நடக்கும் இணையச் சந்தை, தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் சரக்கைத் தன் தளத்தில் விற்கவிடக் கூடாது என்றது. 2020 ஜனவரியில், டெல்லி வியாபாரிகள் சங்கம் ஒன்றின் புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் ஃபிளிப்கார்ட், அமேசான் இரண்டின்மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. கர்நாடக உயர்நீதிமன்றம் முதலில் அதற்குத் தடை கொடுத்தது. 2021 ஜூனில் நிறுவனங்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. அந்தப் புகார் பெரும்பாலும் செல்போன் விற்பனை பற்றியது என்றாலும், வேண்டிய விற்பனையாளருக்கு முன்வரிசை, அடிமாட்டு விலை என்ற குற்றச்சாட்டுகள் நமக்கும் பொருந்தும்.

பிரான்ஸில் 1981 முதல் புதுப்புத்தகத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் கழிவு கிடையாது. பிரிட்டனில் அப்படிப்பட்ட ஏற்பாடு தொண்ணூறுகளில் உடைந்தது. இங்கே பிரெஞ்சுச் சட்டம் நிற்காது என்பதே என் எண்ணம். கழிவு கேட்டே வளர்ந்த ஊர் இது. யாரும் எவ்வளவுக்கும் விற்கட்டும். ஆனால் சந்தையை நடத்துகிறவன் அதே சந்தையில் தனக்கும் ஒரு கடை போட்டு, அதை வாசலிலேயே நிறுத்தக் கூடாது. அதற்கு மட்டும் கடுமையான சட்டம் வேண்டும். முதலாளி இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

சட்டம் வந்தாலும் நம் பக்கம் சரியாக இருக்கிறதா? யாரையும் பெயர் சொல்லவில்லை. நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். நாற்பது சதவீதம் கழிவு என்று பலகை வைப்பதற்காகவே விலையைக் கூட்டி அச்சடிக்கச் சொல்கிறவர்கள் இப்போது உண்டு. ஆசிரியர் பெயர் சொன்னால் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு “ஸ்டாக் இல்லை” என்கிறார் கடைப்பையன். புத்தகம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திருட்டுப் பதிப்பையும் அசலையும் தாளைத் தொட்டே பிரித்தவர்கள் இருந்த தொழிலில், இன்று இரண்டையும் ஒரே அடுக்கில் வைக்கிறார்கள். கட்டைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. ஃபாரம் விட்ட புத்தகத்தோடு திரும்பிவரும் வாசகனிடம் “பதிப்பாளரைக் கேளுங்கள்” என்கிறார்கள். அந்த வாசகன் அடுத்தமுறை இணையத்தில்தான் வாங்குவான். அங்கே திருப்பிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். அவனைக் கோரமங்கலாவா பறித்தது? நாம்தான் அனுப்பிவைத்தோம்.

பெரிய இணையத் தளங்களுக்கான டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்டது. அதைப் பற்றிச் சங்கம் மனு கொடுப்பதானால் முதல் கையெழுத்து என்னுடையது. அதற்கு முன், பிரதியைச் சரிபார்க்காமல் விற்கும் கடைக்குச் சங்க உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கக் கூடாது என்ற என் தீர்மானத்தைப் பொதுக்குழு எடுத்துக்கொள்ள வேண்டும்.