சாம்போர்ன் மனையும் மூலபாடமும்

இலண்டன் கென்சிங்டன் பகுதியில், இசுட்டாபோர்டு டெரசு என்னுந் தெருவின் 18ஆம் எண் மனை, ‘பஞ்ச்’ என்னும் நகையிதழின் ஓவியர் லின்லி சாம்போர்ன் 1875 முதல் 1910இல் மறையுந்துணையும் வாழ்ந்ததாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இல்வாழ்க்கை மாறாது நிற்கும் இடம் இஃது என்பர். அக்கூற்று ஆராய்தற்குரியது.

ஏட்டுச்சுவடிகளிற் பயின்றார்க்கு இம்மனையின் சுவர் வியப்பளிக்கும். முதற்கண் வில்லியம் மாரிசின் பூந்தாளை ஒட்டினர். பின்னர்த் தோல்போலத் தோன்றும் சப்பானியத் தாளை அதன்மேல் ஒட்டுங்கால், அது விலைமிக்கதாதலின், படங்கள் மறைக்கும் இடங்களை விடுத்தனர். ஆகவே படச்சட்டத்தின் பின்னே பழைய பாடமும், வெளியே புதிய பாடமும் ஒரே சுவரில் உள. எது மூலம்? இரண்டும் அவ்வோவியர் கொண்டனவே. இச்சிக்கனம் அவர்தம் நிலையைப் பல பக்க வரலாற்றினும் நன்கு உணர்த்துகின்றது.

அருகேயுள்ள இலெய்ட்டன் மாளிகையின் நிலை வேறு. ஓவியர் இலெய்ட்டன் 1896இல் மறைந்தபின் அவர்தம் பொருள்கள் ஏலத்தில் சிதறின. இன்று காண்பதிற் பெரும்பகுதி மீளத் தொகுத்தது. அங்கே பதிப்பாசிரியர் கை வெளிப்படை. சாம்போர்ன் மனையிலோ அக்கை மறைந்துள்ளது. மணஞ்செய்யாத மகன் ராய், 1946இல் இறக்குந்துணையும் பெரிதும் மாற்றாது காத்தார். அவர்க்குப்பின் ஓவியரின் பெயர்த்தியாகிய ரோசு சீமாட்டி ஆன் காத்தார். விக்டோரியா காலக் கலையைப் பலரும் இகழ்ந்த நாளில், 1957இல் இம்மனையிற் கூடிய கூட்டமே 1958இல் விக்டோரியச் சங்கம் தோன்ற வழிவகுத்தது. 1980இல் மனை பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. எனவே மாறாமை இங்கே இயல்பன்று. மூன்று தலைமுறையினர் விரும்பிச் செய்த செயல் என்க.

1877ஆம் ஆண்டின் பொருட்பட்டியலும், மனைவி மேரியனின் நாட்குறிப்புகளும் இம்மனைக்கு வாய்த்த உரைகள். உரையாசிரியர் நோக்கை அறியாது உரையைக் கொள்வது தகாது. மேரியனின் குறிப்பு இல்லத்தலைவியின் நோக்கு. அதிற் பணியாளர் அவர் சொல்லளவிலேயே தோன்றுகின்றனர்.

அவர்களை வேறோரிடத்திற் காண்கின்றோம். சாம்போர்ன் ஒளிப்படங்களைத் துணைக்கொண்டு வரைபவர், மனைவி, மக்கள், வண்டியோட்டி ஆகியோரை வேடம் புனைவித்து நிறுத்திப் படமெடுத்தார், தாமும் நின்றார். ஆதலின் வண்டியோட்டியின் முகம் நமக்குக் கிடைத்துள்ளது, பிறிதொருவர் வேடத்தில்.