உத்தமனுக்கு மட்டுமா நீதி?

பழனி மலைத்தொடரின் முடியிலே, முகில் இறங்கி முற்றத்திலே உறங்கும் கோடைக்கானலிலே, வந்தவர்க்குக் காட்டுவதற்கு எத்தனையோ இடங்கள் உண்டு. ஏரியைக் காட்டுவர், தூண்பாறையைக் காட்டுவர், குறிஞ்சியாண்டவர் கோயிலைக் காட்டுவர், 1991இல் வெளிவந்த 'குணா'வின் பெயரையே சூட்டிக்கொண்டுவிட்ட குகையைக் காட்டுவர். ஆனால், ஒரு மனிதர் வழக்கின்றி, விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டிருந்த வீட்டை எனக்கு எவரும் காட்டியதில்லை. கேட்டேன், வழிகாட்டி விழித்தார்.

அந்த மனிதர் சேக் அப்துல்லா. காஷ்மீரத்தின் தலைமை அமைச்சராக இருந்தவர், 1953 ஆகஸ்டுத் திங்களில் பதவி பறிக்கப்பட்டுச் சிறை புகுந்தார். 1958இல் அவர்மீது சதி வழக்கு. நாட்டைக் காட்டிக்கொடுக்கச் சூழ்ச்சி செய்தார் என்பது குற்றச்சாட்டு. ஆண்டுக்கணக்கில் நடந்தது அவ்வழக்கு. முடிவு என்ன? 1964இல் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது! குற்றவாளி என்றும் தீர்ப்பில்லை. குற்றமற்றவர் என்றும் தீர்ப்பில்லை. அடுத்த ஆண்டு மெக்கா பயணம் சென்றார், வழியில் அல்ஜீரியாவிலே சீனத் தலைமை அமைச்சர் சூ என்லாயைக் கண்டு பேசினார், சினந்தனர் ஆட்சியாளர். 1965 மே திங்கள் 8ஆம் நாள், தில்லியில் வந்து இறங்கியதும் கைது. முதலில் உதகை, பிறகு கோடைக்கானல். ஊரெல்லையைத் தாண்டக்கூடாது என்பது கட்டளை. பின்னர் தில்லிக்கு மாற்றப்பட்டு, 1968 சனவரியிலே விடுவிக்கப்பட்டார். 1975இல், அதே இந்திரா அம்மையாரின் ஆட்சியோடு உடன்பாடு கண்டு, காஷ்மீரத்தின் முதலமைச்சராகவும் அமர்ந்தார்! நேற்றுத் துரோகி, இன்று முதலமைச்சர். இடையிலே கழிந்த ஆண்டுகளுக்குக் கணக்குச் சொல்வார் யார்?

அவரைப் பிணித்தது இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்னும் கயிறு. அதே ஆண்டு பிப்ரவரியிலே, இந்தி எதிர்ப்புப் போரையொட்டிக் கலைஞரைப் பாளையங்கோட்டைச் சிறைக்குக் கொண்டுசென்றதும் அதே கயிறுதான் என்பதை நம் வாசகர் அறிவர். சேக்கின் கொள்கையை ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் வேறு செய்தி. குற்றம் இன்னதென்று சொல்லாமலே ஒருவரைக் கட்டிப்போட முடியும் என்பதுதான் நாம் காண வேண்டியது.

இதை ஏன் நினைக்க நேர்ந்தது என்றால், அதே கோடைக்கானலில் நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, மழை விடாத ஒரு மாலையில், 'ராக்கெட்ரி: நம்பி விளைவு' என்ற படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். 2022 சூலையில் வெளிவந்தது. மாதவன் எழுதி, இயக்கி, தாமே நடித்தது. தேசிய விருதும் பெற்றது. பொய் வழக்கிலே சிக்கிச் சிதைந்த விண்வெளி அறிஞர் நம்பி நாராயணனின் வாழ்க்கையே கதை. சதி, உளவு, சித்திரவதை, கண்ணீர் எல்லாம் உண்டு. முதல் முறை பார்த்தபோது நானும் கலங்கினேன். இரண்டாம் முறை, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். அறிவியலாளன் ஒருவனைத் தமிழ்த்திரையிலே நாயகனாக்கியது சிறு செயலன்று. நாகர்கோவிலில் பிறந்த ஒருவர், 1969இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சென்று, பேராசிரியர் குரோக்கோவிடம் திரவ எரிபொருள் நுட்பம் பயின்று, பிரான்சிலே பொறியாளர் குழுவோடு உழைத்து, 'விகாஸ்' எந்திரம் பிறக்கக் காரணமானார். இதைப் பாட்டும் கூத்தும் இன்றிச் சொல்லியிருக்கிறார்கள். பிரான்சுப் பகுதியில் ஒரு காட்சி. உடன் உழைக்கும் தோழர் உன்னியின் குழந்தை ஊரிலே இறந்துவிட்டது. செய்தி நம்பிக்குத் தெரியும். வேலை கெட்டுவிடுமே என்று மறைக்கிறார்! உண்மை வெளிப்படும்போது உன்னியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கே நாயகன் உத்தமனல்லன். வேலைவெறி பிடித்த ஒரு கல்நெஞ்சன். ஆயினும் அவன் ஒற்றனல்லன். படம் முழுதும் இந்த நேர்மையோடு நடந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலையிருந்திராது.

நடந்ததோ வேறு. நாயகன் எத்துணைப் பெரிய நாட்டுப்பற்றாளன், எத்துணைப் பக்திமான், எப்படிப்பட்ட குடும்பத் தலைவன் என்பதை நிறுவுவதிலேயே படம் மூச்சைச் செலவிடுகிறது. பூசையும் கும்பிடும் திரும்பத் திரும்ப வருகின்றன. எதற்காக? இத்தகைய உத்தமரையா ஐயுற்றீர்கள் என்று நம்மைக் கேட்பதற்காக. தோழர்களே, இந்தக் கேள்விக்குள்ளே ஒளிந்திருக்கும் நஞ்சைப் பாருங்கள். உத்தமரல்லாதவரை ஐயுறலாம், அடிக்கலாம், அடைக்கலாம் என்றன்றோ பொருள்படுகிறது! கும்பிடாதவன், கோயிலுக்குப் போகாதவன், கொடியைக் கண்டு கண்ணீர் விடாதவன் ஒருவன்மீது இதே பொய் வழக்கு வந்தால், அவனுக்காக அழ இந்தப் படத்தில் கண்ணீர் உண்டா?

பக்தியைப் பற்றிப் பேசும்போது பஞ்சாங்கத்தை விட்டுவிடலாமா! படம் வெளிவருமுன், செவ்வாய்க்கோளுக்கு விண்கலம் செலுத்தப் பஞ்சாங்கம் துணைநின்றது என்று மாதவன் மேடையிலே பேசினார். நாடே நகைத்தது. பிறகு தம் அறியாமையை ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்டலாம். கோடைக்கானலிலே படம் பார்த்ததால் எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அந்த மலையிலே 1899இல் நிறுவப்பட்ட கதிரவன் ஆய்வுக்கூடம் இன்றும் இருக்கிறது. 1909இல் எவர்செட் என்னும் ஆங்கில அறிஞர், கதிரவனின் கரும்புள்ளிகளிலே வளிமம் வெளிநோக்கி ஓடுவதை அங்கிருந்துதான் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அந்த விளைவு இன்றும் வழங்குகிறது. கண்டது கருவியால், கணித்தது கணக்கால். நம்பி நாராயணனின் எந்திரமும் அந்த வழியில் வந்ததுதான். அவர் வீட்டில் கும்பிட்டது அவர் உரிமை. எந்திரம் எரிந்தது எரிபொருளால்.

சரி, வழக்குக்கு வருவோம். 1994 அக்டோபர் 20ஆம் நாள், மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரசீதா என்ற பெண் திருவனந்தபுரத்தில் கைதானார். அனுமதித்த நாளுக்குமேல் தங்கினார் என்பதே அவர்மீது முதலில் சொல்லப்பட்ட குற்றம். அது சில நாட்களில் வளர்ந்து, விண்வெளி இரகசியத்தை விற்ற ஒற்றர் கூட்டமாக உருவெடுத்தது. இன்னொரு மாலத்தீவுப் பெண் பவுசியா அசன் கைதானார். அறிஞர் சசிகுமாரன் கைதானார். நவம்பர் 30இல் நம்பி நாராயணன் கைதானார். சந்திரசேகர், சர்மா என இன்னும் இருவர். ஏடுகள் எழுதித் தீர்த்தன. ஒற்றாடலோடு காமக்கதையும் கலந்து விற்றன. 1995இல் கேரள முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்ததற்கும் இவ்வழக்கு ஒரு காரணம். 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டு பொய் என்று அறிக்கை தந்தது. கேரள அரசு மீண்டும் துருவ முனைந்ததை 1998இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2018 செப்டம்பர் 14இல் நம்பி நாராயணனுக்கு 50 இலட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024இல் முன்னாள் அதிகாரிகள் ஐவர்மீது குற்றப்பத்திரிகை பதிவாயிற்று. முப்பது ஆண்டுகள்!

ஆறு பேர்மீது வந்த பொய் வழக்கு, படத்திலே ஒருவர் துயராகச் சுருங்கிவிட்டது. அவர் காவலில் இருந்தது 50 நாள். கொடுமையான 50 நாள், ஐயமில்லை. அந்த இரு பெண்களும் சிறையில் இருந்ததோ மூன்று ஆண்டுகளுக்கு மேல். அயல்நாட்டார், மொழி தெரியாதவர், மதம் வேறு, போதாக்குறைக்குப் பெண்கள். 'உளவுக்காரி' என்ற பெயருக்கு வேறென்ன தகுதி வேண்டும்! படத்தின் ஓரத்திலே நிழல்போல் கடந்து போகிறார்கள். படத்தின் முடிவில் சூர்யா நாயகனிடம் மன்னிப்பு வேண்டுகிறார், உண்மையான நம்பி நாராயணனே திரையில் தோன்றுகிறார், அரங்கமே உருகுகிறது. அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டவர் யார்?

சதி செய்தது யார் என்ற கேள்விக்கும் படம் வசதியான விடையை வைத்திருக்கிறது. கடும்குளிர் எரிபொருள் நுட்பத்தை உருசியா நமக்குத் தருவதை அமெரிக்கா தடுத்தது, அது வரலாறு. அங்கிருந்தே இந்தச் சதியும் வந்தது என்று படம் நம்மை நம்பத் தூண்டுகிறது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் கைது ஆணையிலே கையெழுத்திட்டது வாசிங்டன் அல்லவே. அடித்த கை நம் ஊர்க்கை. அச்சேற்றிய ஏடு நம் ஊர் ஏடு. வில்லனைக் கடலுக்கு அப்பால் குடிவைத்துவிட்டால், வீட்டுக்குள் இருப்பவனுக்கு எவ்வளவு நிம்மதி!

நம்மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. 2012இல் 'துப்பாக்கி' வந்தது. உளவுப்படை நாயகன், பிடித்து வந்தவனை வீட்டிலேயே அடைத்து வைத்து வதைக்கிறான்; தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, ஐயத்துக்குரியோரைப் பின்தொடர்ந்து சுட்டுத் தள்ளுகிறான். வழக்கில்லை, மன்றமில்லை, மறுமொழி கேட்பாரில்லை. அரங்கிலே விசில் பறந்தது. என் பக்கத்து இருக்கைத் தோழர், நம் மேடைகளிலே முழங்குகிறவர், அவரும் கைதட்டினார். பத்தாண்டு கழித்து அதே அரங்கு நம்பி நாராயணனுக்காக அழுதது. அடைபட்டுக் கிடந்தவன் குற்றவாளிதான் என்று நமக்கு எப்படித் தெரிந்தது? இயக்குநர் சொன்னார், நம்பினோம். 1994இல் காவல்துறை சொன்னது, கேரளம் நம்பியது.

இதே கோடைக்கானலைக் களமாக்கிய 'மஞ்சும்மெல் பாய்ஸ்' 2024இல் வந்தது. 2006இல் நடந்த நிகழ்ச்சியைத் தழுவிய படம். குகைப் பள்ளத்தில் விழுந்த நண்பனைக் காப்பாற்றக் கேட்டுக் காவல்நிலையம் ஓடுகிறார்கள் இளைஞர்கள். கிடைப்பது அடி! நீங்களே தள்ளிக் கொன்றீர்களா என்ற கேள்வி! அவர்கள் அறிஞர்களல்லர், குடித்துவிட்டு, தடைவேலி தாண்டி உள்ளே போனவர்கள். படம் அவர்களைத் தூயவராக்கிக் காட்டவில்லை. ஆயினும் அந்த அடி அநீதி என்பது பார்ப்பவர் எல்லோர்க்கும் புரிகிறது. சதிக்கதை என்ற விளம்பரம் ஏதுமின்றி, சில நிமிடங்களில் அந்தப் படம் சொன்னதை 'ராக்கெட்ரி' இரண்டரை மணி நேரத்தில் சொல்லவில்லை.

தமிழ்த்திரைக்கு இது தெரியாததன்று. 1952இல் 'பராசக்தி'யிலே குற்றவாளிக் கூண்டில் நின்ற குணசேகரன், தன்னை உத்தமன் என்றா சொல்லிக்கொண்டான்? செய்ததை ஒப்புக்கொண்டான், செய்யவைத்தவர்களைக் கூண்டிலே ஏற்றினான். அதனால்தான் அந்தப் படத்தைத் தடைசெய்யச் சொல்லி அன்று கூச்சல் எழுந்தது. 'ராக்கெட்ரி'யைக் கண்டு ஆட்சியாளர் எவரும் அஞ்சவில்லை, விருது தந்தார்கள்.

அஞ்சும்படி எடுக்கக் கதை இல்லையா? கோடைக்கானல் வீட்டிலே இருக்கிறது. அங்கே அடியில்லை, உதையில்லை, கூச்சலில்லை. காலையில் பனி, மாலையில் உலாவல், எல்லைக்கோட்டிலே காவலர். வருபவர் யார், போகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கண். கையில் ஓர் ஆணைத்தாள். அதில் குற்றம் எழுதப்படவில்லை. எடுப்பாரா எவரேனும்?

பவுசியா அசன் மாலத்தீவுத் திரைப்படங்கள் பலவற்றில் நடித்தவர். கைதுக்கு முன்னும் பின்னும் அவருக்கென ஒரு வாழ்வு இருந்தது. 2022 ஆகஸ்டு இறுதியில், 'ராக்கெட்ரி' வெளிவந்த இரண்டு திங்களில், இலங்கையில் காலமானார். நம் ஏடுகளிலே சில வரிச் செய்தி வந்தது. தலைப்பு: உளவு வழக்கில் சிக்கிய பெண்.