நெடுந்தீவைப் பார்க்கப் படகிலிருந்தே தொடங்குங்கள்

நெடுந்தீவுக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் வரும்: குதிரை, பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வளரும் கல். காலைப் படகில் போய், துறையடியில் ஓட்டோ பிடித்து, இவற்றையெல்லாம் மளமளவென்று சுற்றிப் படமெடுத்துவிட்டுப் பிற்பகல் படகில் திரும்பிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். "பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நல்ல அமைதி" என்றும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த அமைதிதான் அங்கே முதலில் பார்க்க வேண்டியது. அது எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு அதே கல்லும் மரமும் கிணறும் நின்று பேசும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறுங்கள். பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். தண்ணீருக்குள் தடிகளை நட்டு வலை கட்டியிருப்பார்கள். மீனும் இறாலும் தாமாகவே உள்ளே போய் அகப்படும். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு வாணர் பாலம் வழியாகப் புங்குடுதீவு. இவையெல்லாம் தீவுகள்தான்; ஆனால் பாலம் வந்த பிறகு தரையோடு ஒட்டிக்கொண்டவை. புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கேதான் தெரு முடிகிறது. எதிரே கையெட்டும் தூரத்தில் நயினாதீவு தெரியும். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்களின் கூட்டம் அந்தப் பக்கப் படகுகளில் அலைமோதும். நெடுந்தீவுப் படகு நிற்கும் இடத்தில் அந்த ஆரவாரம் இருக்காது.

படகு வரும்வரை சும்மா நிற்காமல் என்னென்ன ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். மா மூட்டை, எரிவாயு உருளை, சீமெந்து, மோட்டார் சைக்கிள், கோழித்தீன், மருந்துப் பெட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கதிரைகள். ஒரு தீவைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த புத்தகம் இல்லை என்று நினைக்கிறேன். அங்கே விளையாதது எது, பழுதானால் திருத்த முடியாதது எது, கடையில் எது இரண்டு மடங்கு விலை என்பதெல்லாம் அந்தச் சுமைகளிலேயே தெரிந்துவிடும். திரும்பி வரும்போது படகு கொண்டுவருவதையும் பாருங்கள்: மீன், கருவாடு, ஆடு, அத்தோடு பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள்.

பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சில படகுகளில் ஆட்கள் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். இயந்திரச் சத்தமும் டீசல் மணமும் அங்கே கூடுதல். மேலே இடம் கிடைத்தால் மேலேயே இருங்கள், தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கடலின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். பாக்கு நீரிணை ஆழமற்றது. அடியில் மணல் இருக்கும் இடம் வெளிர்பச்சையாகவும், சாதாளை படர்ந்த இடம் கருமையாகவும் தெரியும். நெடுந்தீவு வெகுநேரம் கண்ணில் படாது. மலையோ மேடோ இல்லாத தட்டைத் தீவு அது. முதலில் பனந்தலைகள் கடலுக்கு மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். நெடுநேரம் கழித்தே கீழே கரை வரும்.

எந்த மாதம் போவது என்பதைக் காற்றே தீர்மானிக்கும். தை முதல் சித்திரை வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பினால் அதே ஒரு மணி நேரம் வேறொரு பயணம்: படகு பக்கம் பக்கமாக உருளும், தண்ணீர் மேலே அடிக்கும், சில நாள்களில் சேவையே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும். படகு நேரங்கள் மாறிக்கொண்டிருப்பதால் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். ஒரு படகு தாமதித்தாலோ நின்றாலோ முகம் சுளிக்காதீர்கள். உங்களுக்கு ஒருநாள் வீண். அங்கிருப்பவருக்கு அது பிள்ளையின் பரீட்சையாகவோ பிரசவ வலியாகவோ இருக்கலாம்.

இந்தக் கடற்பாதையில் இன்னொன்றையும் மனத்தில் கொண்டு போக வேண்டும். நெடுந்தீவின் பழைய மரப்படகு குமுதினி. தலைமுறைகளைச் சுமந்த படகு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. கைக்குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினார்கள். நெடுந்தீவில் நீங்கள் கால் வைக்கும் மாவிலித்துறையில் அவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஊரார் அங்கே கூடுகிறார்கள். இறங்கியதும் ஓட்டோக்காரரிடம் விலை பேசுவதற்கு முன் அங்கே சிறிது நேரம் நில்லுங்கள். உல்லாசமாகப் போகிறவருக்கு இதை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். இந்தக் கடலைத் தாண்டாமல் அந்த ஊருக்கு வாழ்வு இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர்கள் இதே கடலில்தான் படகேற வேண்டியிருந்தது. அதை அறியாமல் அந்த ஊரின் அமைதியை நான் ரசிக்க மாட்டேன். நீங்களும் ரசிக்கக் கூடாது என்றே சொல்வேன்.

துறையடியில் சைக்கிள் கிடைத்தால் ஓட்டோவை விட்டுவிடுங்கள். ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர் பரப்பு, மேடு பள்ளம் இல்லை. வெயில் ஒன்றுதான் எதிரி. சைக்கிளில் போகிறவருக்கே அந்தத் தீவின் மிகப் பெரிய கலை கண்ணில் படும்: வேலிகள்.

யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலியும் பனைமட்டை வேலியும் இங்கே குறைவு. காணிக்குக் காணி, ஒழுங்கைக்கு ஒழுங்கை, முருகைக்கல்லால் அடுக்கிய வேலிகள்தான். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. ஒரு கல்லின் முனை இன்னொரு கல்லின் குழியில் உட்காரும்படி தேர்ந்து அடுக்கியிருக்கிறார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு அருகே போய்க் குனிந்து பாருங்கள். ஒரு கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொறித்த தடங்கள், இன்னொன்றில் மூளை மடிப்புப் போன்ற வளைகோடுகள். ஒவ்வொரு புள்ளியும் ஒருகாலத்தில் கடலுக்குள் ஓர் உயிர் குடியிருந்த அறை. நெடுந்தீவின் அடித்தளமே இப்படிப்பட்ட பாறைதான். அதன் மேல் மண் ஒரு மெல்லிய படலம். நிலத்தைக் கிண்டினால் கல் கிளம்பும். கிளம்பிய கல்லை எங்காவது போட வேண்டும். மாடும் ஆடும் குதிரையும் பயிருக்குள் வராமல் தடுக்கவும் வேண்டும். இரண்டு வேலையும் ஒரே வேலையாக முடிந்தன. பிறகு சற்றுத் தள்ளி நின்று, வெயில் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். கல்லிடுக்குகள் வழியே வெளிச்சம் இந்தப் பக்கம் வரும். காற்றும் அப்படித்தான் புகுந்து போகிறது. இறுக்கிக் கட்டிய மதிலைச் சோளகம் மோதித் தள்ளும். இந்த வேலியை அது ஊடுருவிப் போய்விடுகிறது. எந்தக் கோட்டையையும்விட எனக்கு இந்த வேலிகள் பெரிது. கல்லை மட்டும் பெயர்க்காதீர்கள், நினைவுக்கென்று எடுத்தும் வராதீர்கள். ஒன்றை உருவினால் அதன் மேலுள்ளவை சரியும்.

அடுத்தது தண்ணீர். மழைநீர் சுண்ணப்பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர். பேராசைப்பட்டால் கீழிருந்து உப்பு ஏறிவரும். ஆகவே தீவின் எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் குடித்துவிட முடியாது. சாராப்பிட்டியில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைத் தோண்டியவர் யார் என்பதற்கு ஊரில் பல கதைகள். கோட்டையைப் பார்க்கும் நேரத்தில் பாதியை இங்கே செலவிடச் சொல்வேன். யார் எந்த நேரத்தில் வருகிறார்கள், எத்தனை குடம் எடுக்கிறார்கள், எதற்குக் கடல்பக்கத்துக் கிணற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்று தள்ளி நின்று பாருங்கள். கேட்டால் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டிய குடிநீரைக் கரையிலிருந்தே கொண்டுபோங்கள். அவர்களுடைய கிணற்றில் முகம் கழுவிக் கால் கழுவி விளையாடாதீர்கள்.

குதிரைகளின் கதையும் தண்ணீரோடு சேர்ந்ததுதான். போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள், ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற அதிகாரி வளர்ப்பைக் கவனித்தார். பிறகு கைவிட்டார்கள். லாயத்தின் தூண்கள் இடிந்து நிற்கின்றன. குதிரைகள் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் தெற்குப் புல்வெளியில் தங்கிவிட்டன. குள்ளமான உடல், புழுதி படிந்த பிடரி. மாரி மழைக்குப் பிறகு தை, மாசியில் போனால் பச்சைப் புல்லில் குட்டிகளோடு மேயும். ஆவணி வாக்கில் அதே வெளி சாம்பல் நிறமாகக் காய்ந்துவிடும்; எலும்பு தெரிய நிற்கும் குதிரைகளைப் பார்ப்பீர்கள். வறட்சி கடுமையான ஆண்டுகளில் இறந்தும் போகின்றன. 2015இல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பார்க்கும் முறை ஒன்றுண்டு. வண்டியில் துரத்தாதீர்கள். காலையிலோ மாலையிலோ, காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாக, தூரத்தில் உட்காருங்கள். சிறிது நேரத்தில் அது ஒற்றைக் கூட்டமல்ல, சிறுசிறு குடும்பங்கள் என்று புரியும்: ஓர் ஆண், சில பெண்குதிரைகள், குட்டிகள். காதுகளைப் பாருங்கள். உங்கள் பக்கம் விறைத்துத் திரும்பினால் கவனிக்கின்றன. பின்னால் ஒட்டி மடிந்தால் எரிச்சலில் இருக்கின்றன, எழுந்து விலகிவிடுங்கள். தீனி கொடுக்கவே வேண்டாம்.

பெருக்குமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பார்கள். மன்னார் பள்ளிமுனையில் நிற்பது பருமனுக்குப் பேர்போனது. நெடுந்தீவு மரத்தின் சிறப்பு அதன் பொந்து: ஆள் உள்ளே போய் நிற்கலாம். அடிமரம் தண்ணீரைச் சேர்த்துவைத்து உப்பிய உடல். இலையுதிர்ந்த காலத்தில் போனால் அந்த உருவம் முழுதாகத் தெரியும். கோட்டையும் புறாக்கூடும் ஆஸ்பத்திரியை ஒட்டியே இருக்கின்றன. முருகைக்கல்லில் சுவர் எழுப்பும் வேலையைப் பார்க்கவென்று போனால் போதும். வளரும் கல்லுக்கும் பெரிய பாதச்சுவடுக்கும் நேரமிருந்தால் போங்கள்.

வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் இடத்தை மட்டும் விடாதீர்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு பொருதிய வெடியரசனின் கதை ஈழத்துக் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்து வாழ்ந்துவருவது. அதே இடத்தில் பௌத்த தூபிகளின் அடித்தளங்களும் இருக்கின்றன. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் பலகைகளையும் ஆட்களையும் நீங்கள் சந்திக்கக்கூடும். இரண்டையும் கேட்டு வையுங்கள். இந்தக் கடல்வழியில் எல்லோரும் வந்து போயிருக்கிறார்கள். ஒரு சிறு தீவு அத்தனை பேரையும் தாங்கியிருக்கிறது என்பதே வியப்பு.

வழியில் கூரையில்லாத வீடுகளைக் காண்பீர்கள். கல்வேலி ஒழுங்காக நிற்கும், படலை இருக்கும், உள்ளே முற்றத்தில் ஆமணக்கும் நாயுண்ணியும் வளர்ந்திருக்கும். இன்று இங்கே வாழ்கிறவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவானவர்கள். நிலம் தேடி வன்னிக்குப் போனவர்கள், படிப்புக்கும் வேலைக்கும் யாழ்ப்பாணம் போனவர்கள், போரில் சிதறிக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள் என்று அந்தப் படலைகளுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். அழகான இடிபாடு என்று வாசலில் ஏறி நின்று படமெடுக்க வேண்டாம். கோயில் திருவிழாவுக்கு அவர்கள் வருவார்கள். அப்போது அந்த முற்றம் கூட்டப்படும்.

முடிந்தால் ஓரிரவு தங்குங்கள். சிறிய தங்குமிடங்கள் சில உண்டு. முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும், சாப்பாட்டையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். வந்து நின்று கேட்டால் மீன் இருக்காது. பிற்பகல் படகு சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் ஊர் தன் வேலைக்குத் திரும்பும்: வலை பொத்துவார்கள், மாடு வீடு சேரும், கடைத்திண்ணையில் பேச்சு தொடங்கும். அந்தத் திண்ணையில் ஒரு தேநீருக்கு உட்கார்ந்தால் மேற்சொன்ன கதைகளை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் வருவார்கள். கருவாடோ பனங்கட்டியோ வாங்குவதானால் அங்கேயே வாங்குங்கள். குப்பை எதையும் விட்டு வராதீர்கள். அதை அகற்றவும் அவர்களுக்குப் படகுதான் வேண்டும். மறுநாள் திரும்பும்போது துறைக்கு நேரத்தோடு வந்துவிடுங்கள். நோயாளியும் கைக்குழந்தைக்காரியும் ஏறிய பிறகு இடம் பிடியுங்கள்; அவர்களுக்கு நிழல்பக்கத்தை விட்டுக்கொடுங்கள்.