மோரோவின் கடிதங்கள்: மன்னிப்பு யாருடையது?

மரணப் படுக்கையில் கிடக்கும் அரசியல்வாதி பாதிரியாரை அழைத்தாரா, இல்லையா என்பது ஐரோப்பாவில் ஓயாத வம்பு. தாலிராண் இதற்குப் பெயர்போன உதாரணம். பிஷப்பாக இருந்தவர், பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபைச் சொத்துகளை தேசம் எடுத்துக்கொள்ளட்டும் என்று பிரேரணை கொண்டுவந்தவர். 1838 மே 17 அன்று, சாவதற்குச் சில மணி நேரம் முன்புதான், தன் தவறுகளைத் துறக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அதன் வாசகம் முன்னதாகவே பேசி முடிக்கப்பட்டிருந்தது. அவஸ்தைப்பூசுதலின்போது உள்ளங்கையைக் காட்டாமல் கையை மடக்கி நீட்டினார் என்கிறார்கள். பிஷப்பின் உள்ளங்கை ஏற்கனவே அபிஷேகமானது. இதை வெறும் நடிப்பு என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஆனால் பாவமன்னிப்பு இங்கே ஓர் உடன்படிக்கையாகிவிட்டது. இரு தரப்பும் திருப்தியோடு பிரிகின்றன. தாலிராணால் கெட்டுப்போனவர்கள் எந்தத் தரப்பிலும் இல்லை.

பூசையின் தொடக்கத்தில் சொல்லப்படும் பாவ அறிக்கை இதற்கு மாறானது. அதன் எழுவாய் 'நான்'. கடவுளிடம் மட்டுமல்ல, கூடியிருக்கும் சகோதரர்களிடமும் இந்த 'நான்' தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மார்பில் தட்டிக்கொள்கிறது. பழைய பூசைப் புத்தகத்தில் குற்றம் மூன்று வகை: நினைவு, சொல், செயல். போப் ஆறாம் பாலின் காலத்தில் திருத்தப்பட்டு 1970-ல் வெளிவந்த புத்தகம் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: செய்யாமல் விட்டது. அரசியல்வாதிகளை மனதில் வைத்துச் சேர்த்தது போல இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவன் பெரும்பாலும் தன் கையால் யாரையும் கொல்வதில்லை. ஒரு பதில் போகாமல் இருக்கும், அவ்வளவுதான்.

எட்டு வருஷம் கழித்து இந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது. 1978 மார்ச் 16 அன்று, ஐந்து முறை இத்தாலியின் பிரதமராக அமைச்சரவை அமைத்த ஆல்தோ மோரோவை ரோமில் சிவப்புப் படையணியினர் கடத்தினார்கள். மெய்க்காவலர் ஐந்து பேரையும் சுட்டுக் கொன்றார்கள். ஐம்பத்தைந்து நாள் சிறையில் மோரோ எண்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். தன் கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு, நண்பர்களுக்கு, போப்புக்கு, மனைவிக்கு. கைதிகளைப் பரிமாறிக்கொண்டு தன்னை மீட்கலாம் என்று வாதாடினார். அரசு மறுத்தது. ஐந்து பிணங்களுக்குப் பிறகு என்ன பேரம் என்ற கேள்வியை அலட்சியம் செய்ய முடியாதுதான். ஆனால் மறுத்தவர்கள் அதோடு நிற்கவில்லை. இவற்றை எழுதியது தாங்கள் அறிந்த மோரோ அல்ல என்று அவருடைய நண்பர்கள் ஐம்பது பேர் போல அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அதாவது, எழுதியவன் உயிரோடு இருக்கும்போதே அவன் பிரதிக்கு ஆசிரியன் இல்லையென்று ஆக்கினார்கள்.

மோரோ மௌனமாகச் செத்திருந்தால் வேதசாட்சி ஆகியிருப்பார். உயிரைக் கேட்டார், அதனால் அவர் விசுவாசமே சந்தேகத்துக்கு உள்ளானது. கெத்சமனித் தோட்டத்தில் பாத்திரம் தன்னை விட்டு நீங்கட்டும் என்று கேட்டவர் யார் என்பது ஒரு கத்தோலிக்கக் கட்சிக்கு மறந்துபோயிற்று. மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதங்களில் ஒன்றில், இறந்த பின் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்வோம் என்று அறிய ஆசைப்படுகிறார் மோரோ. அங்கே வெளிச்சம் இருக்குமானால், என்கிறார். இருக்கும் என்று சொல்லவில்லை. மேடையில் பேசிப் பழகிய விசுவாசத்தில் இந்த 'ஆனால்' வராது. லியனார்தோ ஷாஷா அதே வருஷம் எழுதிய புத்தகத்தின் பெருமை, இக்கடிதங்களை ஒரு இலக்கிய வாசகனின் கவனத்தோடு சொல் சொல்லாகப் படித்தது. கட்சி செய்யாமல் விட்டதை ஒரு நாவலாசிரியன் செய்தான்.

போப், மோரோவுக்கு மாணவப் பருவத்திலிருந்து வேண்டியவர். ஏப்ரல் 22-ல் வெளியான தன் கைப்படக் கடிதத்தில், மண்டியிட்டுக் கேட்பதாகக் கடத்தியவர்களிடமே மன்றாடினார். ஆனால் நிபந்தனையின்றி விடுவியுங்கள் என்று எழுதினார். கொடுப்பதற்கு எதுவுமில்லை என்று அதற்கு அர்த்தம். போப் செய்தது சொற்பம், அது அவர் மனதை உறுத்தலாம் என்று மோரோ மனைவிக்கு எழுதினார். மே 9 அன்று நகரின் நடுவே ஒரு சிவப்பு ரெனோ காரில் உடல் கிடந்தது.

அரசாங்கத்தாரும் கட்சிக்காரர்களும் தன் அடக்கத்துக்கு வரக் கூடாது என்று மோரோ எழுதியிருந்தார். குடும்பம் அவரைத் தனியாக அடக்கம் செய்தது. மே 13 அன்று லாத்தரன் பேராலயத்தில் அரசுப் பூசை. உடல் இல்லை, மனைவி மக்கள் இல்லை. வரவேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அங்கே ஆறாம் பால் செய்த ஜெபம் அசாதாரணமானது. எங்கள் மன்றாட்டை நீர் கேட்கவில்லை என்று கடவுளிடமே முறையிடுகிறது. பிறகு, கொன்றவர்களை மன்னிக்க எங்கள் இதயங்களுக்குக் கற்றுத் தாரும் என்கிறது. இதில் முறையீடு உண்மையானது. மூன்று மாதத்துக்குள், ஆகஸ்ட் 6 அன்று இறந்துபோன ஒரு கிழவரின் குரல் அது. ஆனால் மன்னிக்கும் 'நாங்கள்' யார்? மன்னிக்கும் இடத்தில் இருந்தவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களும் ஆவர். கொன்றவர்களின் செயலுக்கு ஜெபத்தில் இடமிருந்தது. அமர்ந்திருந்தவர்கள் செய்யாமல் விட்டதற்கு இல்லை.

1980 பிப்ரவரி 12 அன்று விட்டோரியோ பாஷ்லேயை அதே படையணி ரோம் பல்கலைக்கழகத்தில் கொன்றது. அடக்கப் பூசையின் விசுவாசிகள் மன்றாட்டில் அவர் மகன் ஜியோவன்னி கொன்றவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டார். நீதியில் எதுவும் குறையாமல், வாயில் பழி இல்லாமல் மன்னிப்பு இருக்கட்டும் என்றார். சுருக்கமான வேண்டுதல். இதில் மன்னிக்கிறவனுக்கு மன்னிக்கும் உரிமை இருக்கிறது, இழந்தவன் அவன். நீதியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

லாத்தரனில் கூடியவர்களுக்கு இந்த மன்றாட்டு உரியதல்ல. அவர்களுக்கு உரியது பாவ அறிக்கைதான். அதைக் கட்சியாகவோ அரசாகவோ சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் 'நான்' என்று தொடங்கியாக வேண்டும்.